டிராவா, டையா? விளையாட்டில் ‘டிரா’ என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ளும் முறை

“மேட்ச் என்ன ஆச்சு?” “டிரா.” கேட்பவருக்கும் சொல்பவருக்கும் புரிந்துவிட்டது போலத்தான் இருக்கும். ஆனால் அது டெஸ்ட் போட்டியா, ஒருநாள் போட்டியா, சதுரங்கமா என்பதைப் பொறுத்து அந்த ஒரு சொல்லின் பொருள் வேறு வேறு. விம்பிள்டன் தொடங்கும் முன்பே “டிரா வெளியானது” என்று செய்தி வரும். அங்கே ஒரு பந்துகூட இன்னும் வீசப்பட்டிருக்காது. விளையாட்டுச் செய்திகளைப் புதிதாகப் படிப்பவர்கள் கீழே உள்ள வரிசையில் பழகினால் குழப்பம் வராது.

படி 1: முதலில் இரண்டு கேள்விகள்

முடிவைப் பற்றிய செய்தி என்றால் இந்த இரண்டையும் கேளுங்கள்.

ஒன்று, ஆட வேண்டியதை எல்லாம் ஆடி முடித்துவிட்டார்களா?
இரண்டு, எண்ணிக்கை சமமா?

கிரிக்கெட்டில் ஆட்டம் முழுமையாக முடிந்து, எண்ணிக்கையும் சமமாக இருந்தால் அது டை. முடிவு தெரிவதற்குள் நேரம் தீர்ந்துவிட்டால் அது டிரா. டிராவுக்கு எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. ஓர் அணி 300 ரன் பின்தங்கியிருந்தாலும் டிராதான். ‘டிரா என்றால் சமன்’ என்று பாடம் செய்துகொண்டவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

படி 2: டெஸ்ட் போட்டியில் சரிபார்ப்பது

ஸ்கோர்கார்டை எடுத்து, ஒவ்வோர் அணியின் இரண்டு இன்னிங்ஸ் ரன்களையும் கூட்டுங்கள். பிறகு கடைசியாக ஆடிய அணி எத்தனை விக்கெட் இழந்தது என்று பாருங்கள். மூன்று போட்டிகளில் போட்டுப் பார்த்தால் விதி மனதில் பதிந்துவிடும்.

சென்னை சேப்பாக்கம், செப்டம்பர் 1986. ஆஸ்திரேலியா 574, 170, கூட்டினால் 744. இந்தியா 397, 347. கூட்டினால் அதுவும் 744. ஒரு பந்து மீதம் இருந்தபோது கிரெக் மேத்யூஸ் பந்தில் மனிந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆனார். பத்தாவது விக்கெட்டும் விழுந்துவிட்டது, ரன்னும் சமம். ஆகவே டை. டெஸ்ட் வரலாற்றில் இது இரண்டாவது டை. முதலாவது 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் இடையே நடந்தது.

புலவாயோ, டிசம்பர் 1996. ஜிம்பாப்வே 376, 234. இங்கிலாந்து 406, பிறகு 6 விக்கெட்டுக்கு 204. இரண்டு பக்கமும் கூட்டினால் 610. ஆனாலும் இது டை இல்லை, டிரா. இங்கிலாந்தின் கையில் இன்னும் நான்கு விக்கெட் இருந்தது, தீர்ந்தது நேரம்தான்.

மும்பை வான்கடே, நவம்பர் 2011. மேற்கிந்தியத் தீவுகள் 590, 134. இந்தியா 482, பிறகு 9 விக்கெட்டுக்கு 242. இரண்டும் 724. கடைசிப் பந்தில் இரண்டு ரன் தேவை. ஒன்றை எடுத்துவிட்டு இரண்டாவதற்கு ஓடிய அஸ்வின் ரன் அவுட். விழுந்தது ஒன்பதாவது விக்கெட். இன்னும் ஒருவர் ஆட மீதம் இருந்ததால் இதுவும் டிரா.

மூன்றிலும் மொத்த ரன் சமம்தான். ‘ஆல் அவுட்’ ஆனது சேப்பாக்கத்தில் மட்டும். எனவே டெஸ்ட் செய்தியில் ரன்னைப் பார்த்ததோடு நின்றுவிடாமல், விக்கெட் எண்ணையும் பார்த்துவிட்டே பெயரிடுங்கள்.

நேரம்தான் டிராவை உண்டாக்குகிறது என்பதற்கு 1939 மார்ச்சில் டர்பனில் நடந்த டெஸ்டைவிட நல்ல சான்று கிடையாது. நாள் வரம்பே இல்லாமல், முடிவு தெரியும்வரை ஆடுவது என்று தொடங்கிய போட்டி அது. 696 ரன் இலக்கைத் துரத்திய இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 654 எடுத்திருந்தபோது, ஊர் திரும்பும் கப்பலைப் பிடிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. போட்டி டிரா என்று பதிவானது.

இரண்டு கேப்டன்களும் ஒப்புக்கொண்டு, கடைசி மணி நேரத்தில் கைகுலுக்கி ஆட்டத்தை முடித்துக்கொள்வதும் உண்டு. ஒருவர் மட்டும் விரும்பினால் போதாது. 2025 ஜூலையில் மான்செஸ்டரில் இங்கிலாந்து கேப்டன் பென் ஸ்டோக்ஸ் கை நீட்டினார். இந்தியா மறுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தது. ஜடேஜாவும் வாஷிங்டன் சுந்தரும் சதம் அடித்த பிறகே அந்தப் போட்டி டிரா ஆனது.

டிராவைச் சிலர் உப்புச் சப்பில்லாத முடிவாக நினைக்கிறார்கள். ஐந்தாம் நாள் முழுக்க விக்கெட்டைக் காத்து நிற்பது தோல்வியைத் தடுக்கும் வேலை. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் புள்ளிமுறையும் அதற்கு மதிப்புக் கொடுத்திருக்கிறது. வெற்றிக்கு 12, டைக்கு 6, டிராவுக்கு 4. டையும் டிராவும் வேறு வேறு என்பது இந்தப் புள்ளிகளிலேயே தெரிகிறது.

இன்னொன்று: “ஸ்டம்ப்ஸ் டிரான்” என்று ஆங்கில வர்ணனையில் கேட்டால் போட்டி டிரா ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டம்புகளைப் பிடுங்கிவிட்டார்கள், அதாவது அன்றைய ஆட்டம் முடிந்தது என்பது மட்டுமே அதன் பொருள்.

படி 3: ஒருநாள், டி20 என்றால் ‘டிரா’வை எடுத்துவிடுங்கள்

ஓவர் கணக்குள்ள போட்டிகளில் டிரா என்ற முடிவே கிடையாது. வெற்றி, தோல்வி, டை, ‘நோ ரிசல்ட்’ (முடிவு இல்லை) இவ்வளவுதான். 2011 உலகக் கோப்பையில் பெங்களூரில் இந்தியா 338 ஆல் அவுட். இங்கிலாந்து 8 விக்கெட்டுக்கு 338. இங்கிலாந்திடம் இரண்டு விக்கெட் மீதம் இருந்தும் அது டை. புலவாயோ கணக்கை இங்கே போடக் கூடாது, ஏனென்றால் 50 ஓவர் தீர்ந்தாலே இன்னிங்ஸ் முழுமையடைந்துவிடுகிறது.

மழையால் நின்றால் ஓவரை எண்ணுங்கள். இரண்டாவதாக ஆடும் அணி ஒருநாள் போட்டியில் 20 ஓவரும், டி20-யில் 5 ஓவரும் ஆட வாய்ப்பில்லாமல் போனால் நோ ரிசல்ட். இதைப் பலர் “மழையால் டிரா” என்று எழுதுகிறார்கள். அது தவறு. மழையால் டிரா ஆவது டெஸ்டும், அதைப் போன்ற பல நாள் போட்டிகளும்தான்.

டை ஆன பிறகு, ஆளுக்கு ஓர் ஓவர் ஆடி வெற்றியாளரை முடிவு செய்யும் சூப்பர் ஓவர் வைத்தாலும் மூலப் போட்டி டைதான். 2019 உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் 241. சூப்பர் ஓவரிலும் 15-15. பவுண்டரி எண்ணிக்கையில் இங்கிலாந்து கோப்பையை வாங்கியது. அந்த பவுண்டரி விதியை அதே ஆண்டிலேயே ஐசிசி நீக்கிவிட்டது.

படி 4: கால்பந்தில் டிராவும் சமனும் ஒன்றே

இங்கே வேலை எளிது. நேரம் முடியும்போது கோல் சமமாக இருந்தால் டிரா. லீக் ஆட்டத்தில் வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு ஆளுக்கு 1. தோற்றால் வெளியேற வேண்டிய நாக்-அவுட்டில் கூடுதல் நேரம், பிறகு பெனால்டி ஷூட்-அவுட். 2022 உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினாவும் பிரான்சும் 3-3, ஷூட்-அவுட்டில் அர்ஜென்டினா 4-2. இதை “7-5 என்று வென்றது” என்று கூட்டி எழுதக் கூடாது. ஆட்டம் 3-3 டிரா, கோப்பை ஷூட்-அவுட்டில் கிடைத்தது என்று பிரித்து எழுதுவதே சரி.

கால்பந்து ஆங்கிலச் செய்தியில் ‘டை’ வந்தால் மட்டும் கவனம். அங்கே அதற்கு ‘இரு அணிகளின் மோதல்’ என்று பொருள். சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று என நடக்கும் இரண்டு ஆட்டங்களும் சேர்ந்து ஒரு டை. டென்னிஸின் டேவிஸ் கோப்பையிலும் அப்படியே: இரு நாடுகள் மோதும் மொத்தத் தொகுப்பு, வழக்கமாக நான்கு ஒற்றையரும் ஓர் இரட்டையரும், ஒரு டை எனப்படும். “இந்தியா டையை வென்றது” என்று படித்தால் திகைக்க வேண்டாம்.

படி 5: சதுரங்கத்தில் டிரா கேட்கும் முறை

இங்கே டிரா ஆட்டத்தின் உயிரான பகுதி. 2024-இல் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் சென்னையின் குகேஷ், டிங் லிரனை 7.5-6.5 என வென்றார். 14 ஆட்டங்களில் 9 டிரா. ஒவ்வொன்றுக்கும் இருவருக்கும் அரைப் புள்ளி.

போட்டிக்குப் புதிதாகச் செல்லும் பிள்ளைகள் டிரா கேட்கத் தெரியாமல் அரைப் புள்ளியை இழக்கிறார்கள். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி வரிசை இது:

1. உங்கள் காயை நகர்த்துங்கள்.
2. “டிரா?” என்று ஒரு முறை கேளுங்கள்.
3. கடிகாரத்தை அழுத்துங்கள்.
4. ஸ்கோர் ஷீட்டில் அந்த நகர்வின் பக்கத்தில் சமக்குறியை அடைப்புக்குள் எழுதுங்கள்.

கேட்டதைத் திரும்பப் பெற முடியாது. எதிராளி வாயால் மறுக்கலாம். நகர்த்தும் எண்ணத்தோடு காயைத் தொட்டாலே மறுத்ததாகிவிடும். மறுத்த பிறகு நகர்வுக்கு நகர்வு நச்சரித்தால் நடுவர் தண்டிக்கலாம்.

ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் டிரா கோரலாம். உங்கள் அடுத்த நகர்வால்தான் அந்த நிலை வரப்போகிறது என்றால், நகர்வைத் தாளில் எழுதுங்கள், பலகையில் செய்யாதீர்கள்; கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழையுங்கள். காயைத் தொட்டுவிட்டால் அந்த முறைக்கான உரிமை போய்விடும். கோரிக்கை தவறு என்று தெரிந்தால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். இருவரும் தொடர்ந்து 50 நகர்வுகளில் சிப்பாயை நகர்த்தாமல், காய் எதையும் வெட்டாமல் ஆடினாலும் இதே போலக் கோரலாம்.

ஸ்டேல்மேட்டுக்குக் கோரிக்கையே வேண்டாம், ஆட்டம் தானே டிரா ஆகிவிடும். செக் இல்லை, ஆனால் நகர்த்தவும் வழியில்லை என்ற நிலை அது. ராணியோடு வென்றுகொண்டிருப்பவர் எதிராளியின் தனி ராஜாவை மூலையில் நெருக்கும்போதுதான் பெரும்பாலும் இது நேர்கிறது. ஒவ்வொரு முறையும் கையை எடுப்பதற்கு முன், அந்த ராஜாவுக்குப் போக ஒரு கட்டமாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 6: ‘டிரா போடுவது’ — யாருக்கு யார்?

ஊர்ப் போட்டி நடத்துபவர்களுக்குத் தேவையான டிரா இது. சீட்டு எடுத்து யார் யாரோடு மோதுவது என்று முடிவு செய்து அட்டவணை போடுவது. நம் பக்கம் ஃபிக்ஸ்சர் என்றும், டை ஷீட் என்றும் சொல்வார்கள்.

11 அணிகள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 8, 16, 32 என்ற வரிசையில் 11-க்கு அடுத்து வருவது 16. 16-இல் 11 போனால் 5. ஐந்து அணிகளுக்கு ‘பை’, அதாவது முதல் சுற்றில் ஆடாமலே இரண்டாம் சுற்றுக்குப் போகலாம். மற்ற 6 அணிகளும் 3 ஆட்டம் ஆடும். 3 வெற்றியாளர், 5 பை, ஆக 8. அதற்குப் பிறகு 4, 2, 1 என்று தடங்கலின்றி இறங்கும். நாக்-அவுட்டில் மொத்த ஆட்டம் எப்போதும் அணிகளை விட ஒன்று குறைவு, இங்கே 10.

மேல் பாதியில் 1 முதல் 6 வரை, கீழ்ப் பாதியில் 7 முதல் 11 வரை எழுதுங்கள். பை கொடுக்கும் வரிசை: கீழ்ப் பாதியின் கடைசி (11), மேல் பாதியின் முதல் (1), கீழ்ப் பாதியின் முதல் (7), மேல் பாதியின் கடைசி (6), மறுபடி கீழ்ப் பாதியில் கடைசிக்கு முந்தையது (10). முதல் சுற்றில் ஆடுபவை 2-3, 4-5, 8-9. வலுவான இரண்டு அணிகளை 1-லும் 11-லும் வைத்துவிட்டால் இறுதிக்கு முன் அவை சந்திக்காது. மற்ற எண்களுக்கு, ஒரே அளவில் ஒரே மாதிரி மடித்த சீட்டுகளை எல்லா கேப்டன்களும் பார்க்க எடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடாமல் இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? 11 அணி 6 ஆகும், 6 மூன்றாகும். அரையிறுதியில் மூன்று அணிகள் நிற்கும். ஒன்று வியர்வை சிந்தாமல் இறுதிக்குப் போகும், சண்டையும் அங்கேதான் வெடிக்கும். பை முதல் சுற்றோடு முடிய வேண்டும் என்பது இதனால்தான். டிரா போட்ட பிறகு தாமதமாக வந்த அணியைச் செருகாதீர்கள். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் எல்லோர் முன்னிலையிலும் முதலிலிருந்து போடுங்கள்.

விம்பிள்டன் ஒற்றையரில் 128 பேர். அது 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும் வரிசையிலேயே இருப்பதால் பை தேவையில்லை. 7 சுற்று, 127 ஆட்டம். 32 பேர் தரவரிசைப்படி பிரித்து வைக்கப்படுவார்கள், மற்றவர்கள் இடம் குலுக்கலில்.

வில்வித்தையில் நாணை இழுப்பதும் டிரா, கோல்ஃபில் வலக்கை ஆட்டக்காரர் அடித்த பந்து இடப்பக்கம் வளைவதும் டிரா. இவை செய்தித் தலைப்புகளில் அரிதாகவே வரும்.

படி 7: சொல்லிப் பழகுங்கள்

ஆங்கிலத்தில் இதன் வடிவங்கள் டிரா, ட்ரூ, டிரான். அணியைச் சொன்னால் “இந்தியா ட்ரூ வித் இங்கிலாந்து”. போட்டியைச் சொன்னால் “தி மேட்ச் வாஸ் டிரான்” அல்லது “எண்டட் இன் எ டிரா”. “மேட்ச் ட்ரூ ஆச்சு” என்பது பிழை. தமிழில் “டிராவில் முடிந்தது”, “டை ஆனது”, கால்பந்துக்குச் “சமனில் முடிந்தது” என்று எழுதலாம். டெஸ்ட் டிராவுக்குச் ‘சமன்’ போடாதீர்கள். ‘வெற்றி தோல்வியின்றி’ பொருந்தும்.

இப்போது இந்தத் தலைப்புகளைத் திருத்திப் பாருங்கள்.

“டி20 ஆட்டம் 160-160 என டிரா” – டை.
“டெஸ்டின் ஐந்தாம் நாள் மழை, போட்டி நோ ரிசல்ட்” – டிரா.
“நான்காவது இன்னிங்ஸில் 9 விக்கெட் இழந்து ரன் சமம், டெஸ்ட் டை” – டிரா.
“19 அணிகள், 13 பை, முதல் சுற்றில் 3 ஆட்டம்” – பிழை எதுவும் இல்லை; 32-இல் 19 கழித்துச் சரிபாருங்கள்.