புதுத் தொட்டியில் சென்ட்ரிங் பிரிக்க ஆள் இறக்கும் முன்

நான் சென்ட்ரிங் மேஸ்திரி. கான்கிரீட் இறுகும் வரை அதைத் தாங்கப் பலகையும் முட்டும் அடிப்பதுதான் சென்ட்ரிங். செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் இருபத்திரண்டு வருடமாக இந்த வேலைதான். இப்போது என்னிடம் ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஐந்து பேர் நம்மூர், நான்கு பேர் பீகாரிலிருந்து வந்தவர்கள். என்னைப் போன்ற மேஸ்திரிகளுக்காகவும், சொந்தமாக வீடு கட்டுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

வீட்டு வாசலில் சம்ப் என்கிற தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியோ, பின்பக்கம் செப்டிக் டேங்க்கோ கட்டி, மேலே கான்கிரீட் மூடி போட்டிருப்பீர்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து, உள்ளே இருக்கும் பலகையையும் முட்டுக் கம்பையும் பிரிக்க ஒருவர், மூடியில் விட்டிருக்கும் மேன்ஹோல் வழியாக இறங்குவார். அந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும்தான் சொல்லப்போகிறேன். உயரத்தில் வேலை செய்பவருக்கு விழுந்துவிடுவோம் என்ற பயம் தானாகவே இருக்கும். இந்த வேலையில் அந்தப் பயம் யாருக்கும் வருவதில்லை. யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் வரும்.

"ஒரு சொட்டுக் கழிவுநீர் விழாத புதுத் தொட்டி, இதில் என்ன விஷவாயு?" என்று கேட்பார்கள். 2011 டிசம்பர் வரை நானும் அப்படித்தான் கேட்டேன். மழை ஓய்ந்த சமயம். பதினெட்டு நாள் மூடிக் கிடந்த செப்டிக் டேங்க். குழந்தைகள் விழுந்துவிடக் கூடாது என்று மேன்ஹோலைத் தகடு போட்டு மூடி, மேலே கல் வைத்திருந்தோம். என் மச்சான் தகட்டை நகர்த்திவிட்டுச் சுத்தியலோடு இறங்கினான். நாலு அடி கேட்டது. அப்புறம் சத்தம் இல்லை. எட்டிப் பார்த்த ஹெல்பர் பையன், "அண்ணே, மச்சான் விழுந்து கிடக்கிறாரு" என்று சொல்லிக்கொண்டே குதித்துவிட்டான். நான் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவரைத் திட்டினேன், கையைக்கூடக் கடித்தேன். அவர் விடவில்லை. தீயணைப்புக்காரர்கள் முகத்தில் மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு இறங்கி இரண்டு பேரையும் தூக்கினார்கள். இரண்டு பேருமே போய்விட்டார்கள்.

அந்தப் பெரியவர் பிடிக்காமல் இருந்தால் நான் மூன்றாவது ஆள். அதனால்தான் என் ஆட்களுக்குக் கொடுக்கிற பயிற்சியில் பாதிக்கு மேல், இறங்கும் ஆளுக்கு இல்லை. மேலே நிற்கும் ஆளுக்குத்தான்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிய வேண்டும். கான்கிரீட் இறுக ஊற்றும் கியூரிங் தண்ணீரும் மழைத் தண்ணீரும் அடியில் தேங்கி நிற்கும். அதில் பலகை, சவுக்குக் கம்பு, மரத்தூள், சாக்குத் துண்டு எல்லாம் ஊறிக் கிடக்கும். ஊறிய மரத்தை நுண்ணுயிர்கள் அழுக வைக்கும்போது காற்றில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடுகின்றன. காற்றுப் போக்குவரத்தே இல்லாத தொட்டியில் அந்த ஆக்சிஜன் திரும்ப வர வழியில்லை. வெளியே நாம் மூச்சு விடும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனால் ஆள் இறங்கக் கூடாது. 10-க்குக் கீழே மயக்கம். 6 சதவீதம் என்ற அளவுக்குப் போய்விட்டால் சில மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். தலை சுற்றுகிறதே, மேலே ஏறலாம் என்று நினைப்பதற்குள் கால் மடங்கிவிடும். இதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. சில தொட்டிகளில் அழுகல் அதிகமாகி ஹைட்ரஜன் சல்பைடும் சேரும். அது காற்றைவிடக் கனம், அடியில் படுத்துக் கிடக்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "முதலில் நாறியது, இப்போது சரியாகிவிட்டது" என்று ஒருவர் சொன்னால் அங்கேதான் ஆபத்து அதிகம்.

நெருப்பு கொளுத்திப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. மெழுகுவர்த்தியைக் கயிற்றில் இறக்கி, எரிந்தால் இறங்கலாம் என்பார்கள். அதை விட்டுவிடுங்கள். ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்த பிறகும் சுடர் கொஞ்ச நேரம் எரியும். ஹைட்ரஜன் சல்பைடு இருப்பதைச் சுடர் சொல்லாது. எரியும் வாயு இருந்தால் வெடித்துவிடும்.

வீடு கட்டுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஆள் இறங்கவே தேவையில்லாதபடி கட்டுங்கள் என்பதுதான். மூடியைத் தரையிலேயே துண்டு துண்டாக வார்த்து, இறுகிய பிறகு தூக்கி மேலே அடுக்கலாம். பிரீகாஸ்ட் ஸ்லாப் என்று கேட்டால் இன்ஜினியருக்குத் தெரியும். உள்ளே சென்ட்ரிங்கே கிடையாது, பிரிக்க ஆளும் வேண்டாம். எதிர்காலத்தில் தொட்டியைத் திறக்கவும் இது வசதி. என் பிழைப்பு சென்ட்ரிங் போடுவது. அப்படியிருந்தும் செப்டிக் டேங்க் மூடிக்கு இதைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

ஒரே ஸ்லாபாகத்தான் போட வேண்டும் என்றால், எதிரெதிர் மூலையில் இரண்டு மேன்ஹோல் விடச் சொல்லுங்கள். ஒன்றில் காற்று போக, இன்னொன்றில் வரும். இரண்டுக்கு இரண்டு அடி என்றால் மயங்கிய ஆளைத் தூக்குவது கஷ்டம், கொஞ்சம் பெரிதாக விடுங்கள். கான்கிரீட் போட்ட மறுநாளிலிருந்து மேன்ஹோலைத் தகடு போட்டு அடைக்காமல், கம்பி வலையோ ஜல்லடைக் கம்பியோ அசையாதபடி கட்டி மூடுங்கள். குழந்தையும் விழாது, காற்றும் அடைபடாது. சுற்றிலும் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிடுங்கள்.

சரி, பிரிக்கும் நாள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

முந்தின நாளே எல்லா மேன்ஹோலையும் முழுக்கத் திறந்து, பக்கத்தில் ஒரு ஆளைக் காவல் வையுங்கள். தேங்கிய தண்ணீரை மேலேயிருந்தே இறைத்துவிடுங்கள். மோட்டார் வெளியே இருக்கட்டும், ஹோஸ் மட்டும் உள்ளே போகட்டும். பெட்ரோல், டீசல் இன்ஜினை உள்ளே இறக்கவே கூடாது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடும் ஆளைக் கொல்லும்.

திறந்து வைத்தால் மட்டும் போதாது. கனமான காற்று அடியிலேயே கிடக்கும். காற்று ஊதும் புளோயரில் குழாய் மாட்டி, குழாயின் முனை தரைக்கு ஒரு அடி உயரம் வரை போகும்படி இறக்கி, வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். மேலே ஒரு டேபிள் ஃபேனை வைத்து ஊதினால் அடியில் இருப்பது அசையாது. ஆள் உள்ளே இருக்கும் வரைக்கும் புளோயர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் ஆள் மேலே வந்துவிட வேண்டும். ஜெனரேட்டர் வைத்தால் அதன் புகையைப் புளோயர் இழுக்காத தூரத்தில், காற்று வீசும் திசையைப் பார்த்து வையுங்கள். வெல்டிங் கடையிலிருந்து ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவந்து உள்ளே திறந்துவிடலாம் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். தயவுசெய்து வேண்டாம். ஆக்சிஜன் அதிகமானால் ஒரு சின்னப் பொறியில் உடம்பில் இருக்கும் துணியே பற்றிக்கொள்ளும்.

பிறகு அளவு பார்க்க வேண்டும். ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, எரியும் வாயு நான்கையும் காட்டும் கேஸ் மீட்டர் இருக்கிறது. கைக்குள் அடங்கும். முதலில் வெளியே ஆன் செய்து ஆக்சிஜன் 20.9 காட்டுகிறதா என்று பாருங்கள். அப்புறம் கயிற்றில் கட்டி மேல்மட்டம், நடு, அடி என்று மூன்று இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடம் விட வேண்டும், மீட்டர் உடனே காட்டிவிடாது. மூன்று இடமும் சரியாக இருந்தால் மட்டும் ஆள் இறங்கலாம், மீட்டர் அவர் மார்பிலேயே தொங்க வேண்டும். அது கத்தினால் சுத்தியலைக்கூட எடுக்காமல் ஏற வேண்டும். சின்ன மேஸ்திரிக்கு இது பெரிய செலவு என்று எனக்குத் தெரியும். நாங்கள் மூன்று மேஸ்திரிகள் பணம் போட்டு ஒன்று வாங்கி, மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறோம். மீட்டர் இன்னொரு சைட்டில் இருந்தால் அன்று தொட்டி வேலை இல்லை.

இப்போது கயிறு. இதில்தான் நான் பல வருடம் ஏமாந்திருக்கிறேன். இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி இறக்கினால் பாதுகாப்பு என்று நினைத்தேன். ஒரு நாள் சோதித்துப் பார்க்கலாம் என்று 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றைத் தொட்டிக்குள் இறக்கி, "இதுதான் மயங்கிய ஆள், தூக்குங்கள்" என்றேன். நாலு பேர் இழுத்தார்கள். மூட்டை முட்டுக் கம்புகளுக்கு நடுவில் சிக்கியது. ஒருவழியாக விடுவித்து மேலே கொண்டுவந்தால் மேன்ஹோல் விளிம்பில் மாட்டிக்கொண்டது. மொத்தம் ஆறு நிமிடம் ஆனது. மூச்சு நின்ற ஆளின் மூளை நாலைந்து நிமிடத்திலேயே சேதமாக ஆரம்பித்துவிடும்.

அன்றிலிருந்து சில விஷயங்களை மாற்றினோம். சென்ட்ரிங் அடிக்கும்போதே மேன்ஹோலுக்கு நேர்கீழே முட்டு எதுவும் வராமல் வழி விடுகிறோம். பிரிக்கிற ஆள் மேன்ஹோல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, பிரித்ததை உடனுக்குடன் மேலே அனுப்பிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். ஸ்லாபுக்கு நாள் ஆகிவிட்டதா, எந்தப் பக்கம் முதலில் கழற்றலாம் என்று இன்ஜினியர் வாயால் கேட்டுக்கொள்கிறோம். இடுப்புக் கயிற்றை விட்டுவிட்டு, தோள், மார்பு, தொடை எல்லாம் பிடிக்கும் முழு உடம்பு பெல்ட் போடுகிறோம். அதன் கொக்கி தோள்பட்டைக்கு மேலே இருந்தால் ஆள் நிமிர்ந்தபடி வருவார், விளிம்பில் மாட்ட மாட்டார். மேலே மூன்று கால் ஸ்டாண்ட் நிறுத்தி, கைப்பிடியைச் சுற்றினால் கயிற்றை இழுக்கும் வின்ச் மாட்டி, கயிறு எப்போதும் அதிலேயே கோத்திருக்கும். அதே மூட்டையை அடுத்த மாதம் ஒரே ஆள் ஒன்றரை நிமிடத்தில் தூக்கினான்.

வெளிச்சத்துக்கு நெற்றியில் மாட்டும் பேட்டரி டார்ச் போதும். ஈரத் தொட்டிக்குள் 230 வோல்ட் பல்பு வயரை இறக்காதீர்கள்.

அடுத்து மேலே நிற்கும் ஆள். அவருக்கு அன்று வேறு வேலை கிடையாது. பலகை வாங்கி அடுக்குவது, டீ வாங்கப் போவது, போன் பேசுவது எதுவும் கூடாது. நிமிடத்துக்கு ஒருமுறை கீழே இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், பதில் வர வேண்டும். பதில் இல்லையென்றால் இரண்டாவது முறை கூப்பிடாமல் வின்சைச் சுற்ற வேண்டும். சும்மா விளையாட்டுக்குப் பேசாமல் இருந்தாலும் தூக்கிவிடுவோம் என்று எல்லோரிடமும் முன்பே சொல்லி வைத்திருக்கிறேன்.

அவர் எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக் கூடாது. இதைச் சொல்வது சுலபம். கீழே கிடப்பது தம்பியாக இருந்தால்? அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யாது, கால்தான் முந்தும். நான் என் மச்சானுக்காக இறங்கப் போனபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அதனால் இதை வாயால் சொல்லிக்கொடுத்தால் போதாது, உடம்புக்குப் பழக்க வேண்டும். மாதம் ஒருமுறை காலையில், வேலை ஆரம்பிக்கும் முன், மூட்டையை இறக்கிவிட்டு நானே "அய்யோ, விழுந்துட்டான்" என்று கத்துவேன். ஓடிப் போய் எட்டிப் பார்ப்பவரை இன்னொருவர் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுக்க வேண்டும். ஒருவர் வின்ச், ஒருவர் போன். ஒவ்வொரு மாதமும் ஆளை மாற்றுவேன். முதல்முறை சிரித்தார்கள். நான் 2011-ல் நடந்ததைச் சொன்ன பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பீகார் தம்பிகளுக்குத் தமிழில் சொல்லி, தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். "நீ செய்து காட்டு" என்று பெல்ட்டைக் கையில் கொடுங்கள். அவர்களில் தமிழ் தெரிந்தவர் மற்றவர்களுக்குத் திருப்பிச் சொல்லட்டும். நம்மூர் ஆட்களும் "அந்தர் மத் ஜாவோ" என்ற மூன்று வார்த்தையைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே போகாதே என்று அர்த்தம். பதற்றத்தில் எந்த மொழி முதலில் வாயில் வரும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் நான் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். இறங்க மனசில்லை என்று யார் சொன்னாலும் அன்றைய கூலி குறையாது, ஏன் என்றும் கேட்க மாட்டேன். போன வருடம் ஒரு பையன், "மேஸ்திரி, எனக்கு இன்னைக்கு சரியா படல" என்றான். மீட்டரை மறுபடி இறக்கிப் பார்த்தேன். புளோயர் குழாய் மடங்கிக் கிடந்திருக்கிறது, அடியில் ஆக்சிஜன் 18.7 காட்டியது.

பழைய செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய உங்கள் ஆட்களை யாராவது கூப்பிட்டால் அனுப்பாதீர்கள். உரிய பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல்முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் உண்டு. அது லாரி வைத்து உறிஞ்சி எடுக்கும் வேலை.

போன் பேசுபவர் சொல்ல வேண்டியதையும் எழுதிக் காவல் ஷெட் கதவில் ஒட்டியிருக்கிறோம். 101-க்கு முதலில், 108-க்கு அடுத்து. "தொட்டிக்குள் ஆள் மயங்கிவிட்டார், மூச்சுக் கருவியோடு வாருங்கள்" என்ற வாக்கியம். பக்கத்தில் சைட்டின் முழு முகவரி, எந்தக் கோயில் அல்லது கடை பக்கம் திரும்ப வேண்டும் என்ற அடையாளம். புது சைட்டுக்குப் போனால் முதல் நாளே அந்தத் தாளை மாற்றி எழுதுவது கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரின் பொறுப்பு. எழுதியதை அவர் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுவார். மேலே தூக்கிய ஆளுக்கு மூச்சு இல்லையென்றால், மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குல ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை ஆள் மாற்றி ஆள் அழுத்த வேண்டும். அதையும் அதே மூட்டையின் மேல்தான் பழகுகிறோம்.