பழைய காரை எக்ஸ்சேஞ்சில் விடுவதா, நேரடியாக விற்பதா: பணமும் நிம்மதியும் போகிற இடங்கள்

புதிய கார் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "பழைய வண்டிக்கு எங்கே அதிகம் கிடைக்கும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதைவிட முக்கியமான இன்னொன்றை யாரும் கேட்பதில்லை: வண்டி கையை விட்டுப் போன பிறகு, ஆர்.சி. புக்கில் இருந்து என் பெயர் எப்போது போகும்? ஷோரூம் எக்ஸ்சேஞ்சோ, கார் கன்சல்டிங் எனப்படும் பழைய கார் வியாபாரியோ, நேரடியாக வாங்கும் டைரக்ட் பார்ட்டியோ, எந்த வழியில் விற்றாலும் பெரிய தவறுகள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதில்தான் தொடங்குகின்றன. விலையில் நடக்கும் தவறு சில ஆயிரங்களோடு போகும். பெயர் விஷயத்தில் நடக்கும் தவறு பல வருடம் கழித்து வீடு தேடி வரும்.

முதலில் விலையையே பார்த்துவிடுவோம்.

ஷோரூமில் உட்கார்ந்ததும் பழைய காரையும் புதிய காரையும் ஒரே பேச்சில் முடிக்கப் பார்ப்பார்கள். "சார், உங்க வண்டிக்கு 4,10,000 போட்டுத் தர்றோம்" என்றதும் மனசு குளிர்ந்துவிடும். புதிய காரின் தள்ளுபடி எவ்வளவு குறைந்தது என்பதை அந்த நேரத்தில் பலர் கவனிப்பதில்லை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். புதிய கார் ஆன்ரோடு விலை 11,80,000 ரூபாய். பழைய வண்டி கொடுக்காமல் வாங்கினால் 45,000 தள்ளுபடி, அதாவது 11,35,000. எக்ஸ்சேஞ்ச் என்றால் தள்ளுபடி வெறும் 5,000, அதாவது 11,75,000. அதில் 4,10,000 கழித்தால் நீங்கள் கட்ட வேண்டியது 7,65,000. இப்போது 11,35,000-இல் இருந்து 7,65,000-ஐக் கழியுங்கள். உங்கள் வண்டிக்கு அவர்கள் உண்மையில் கொடுத்தது 3,70,000 மட்டுமே. வெளியே ஒருவர் 4,15,000-க்குக் கேட்டிருந்தால், "ஐயாயிரம்தானே வித்தியாசம், அலைச்சல் எதற்கு" என்று நினைத்து 45,000 ரூபாயை விட்டுவிட்டு வருவீர்கள்.

அதனால் புதிய காரின் விலையை, பழைய வண்டி பற்றி வாயே திறக்காமல், முதலில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். எக்ஸ்சேஞ்ச் பேச்சு அதற்கு அப்புறம்தான்.

எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்பதும் தனிக் கணக்கு. அது பெரும்பாலும் கார் கம்பெனி கொடுப்பது, வண்டியின் விலையில் சேராது. "மொத்தமா நாலு லட்சம்" என்று சொன்னால், அதில் வண்டிக்கு எவ்வளவு, போனஸ் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பழைய ஆர்.சி.யும் புதிய காரும் ஒரே பெயரில், அல்லது நெருங்கிய குடும்பத்தினர் பெயரில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். அப்பா பெயரில் உள்ள வண்டியைக் கொடுத்து மகன் வாங்கும்போது இது முன்கூட்டியே தெரிய வேண்டும். பழைய வண்டியை வெளியே விற்றுவிட்டு, பெயர் மாறிய ஆர்.சி. நகலைக் காட்டினாலும் இந்த போனஸைக் கொடுக்கிற கம்பெனிகள் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

இன்னொரு இடத்திலும் பலர் சறுக்குகிறார்கள். புக்கிங் நாளில் வண்டியைப் பார்த்து ஒரு விலை சொல்வார்கள். புதிய கார் வர இரண்டு மாதம் ஆகும். டெலிவரி அன்று மறுபடி பார்த்து, "டயர் தேஞ்சிருக்கு, மார்க்கெட் இறங்கிடுச்சு" என்று இருபதாயிரம் குறைப்பார்கள். மாலை போட்ட புதிய வண்டி முன்னால் நிற்கும்போது யார் சண்டை போடுவார்கள்? சொன்ன விலை எந்தத் தேதி வரை, எத்தனை கிலோமீட்டர் ஓடும் வரை செல்லும் என்பதை புக்கிங் ரசீதிலேயே எழுதி வாங்குவதுதான் வழி.

நேரடியாக விற்பவர்கள் செய்யும் விலைத் தவறு நேர் எதிரானது. இணையத்தில் கன்சல்டிங்காரர்கள் போட்டிருக்கும் விலையைப் பார்த்து, நம் வண்டிக்கும் அதேதான் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அது அவர்கள் கேட்கிற விலை, விற்ற விலை இல்லை. அதற்குள் பாலிஷ், டயர், வாரண்டி, வண்டியை நிறுத்தி வைக்கும் செலவு, அவர்கள் லாபம், அந்த லாபத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் அடக்கம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை இன்னொருவருக்கு விற்கும் சாதாரண மனிதருக்கு இந்த ஜி.எஸ்.டி. கிடையாது. ஆகவே நியாயமான நேரடி விலை, ஷோரூம் கொடுப்பதற்கும் கன்சல்டிங் கேட்பதற்கும் நடுவில்தான் இருக்கும். சிங்கிள் ஓனர், முழு சர்வீஸ் ரெக்கார்ட் என்றால் மேல்பக்கம் நகரும். மூன்று வாரமாக யாரும் கூப்பிடவில்லை என்றால் விலை அதிகம் என்று அர்த்தம்.

விற்பதற்காக நாற்பதாயிரம் செலவழித்து பெயிண்ட் அடிக்காதீர்கள், போட்டது திரும்பாது. புது பெயிண்டைப் பார்த்தாலே விவரமானவர்கள் அடிபட்ட வண்டியோ என்று சந்தேகப்படுவார்கள். நன்றாகக் கழுவி, உள்ளே சுத்தம் செய்து, இரண்டாவது சாவியைத் தேடி எடுத்து வையுங்கள். உண்மையிலேயே அடிபட்ட வண்டி என்றால் மறைக்க வேண்டாம். இன்சூரன்ஸ் கிளெய்மும் சர்வீஸ் சென்டர் பதிவும் விசாரித்தால் வெளியே வந்துவிடும்.

ஆர்.சி.யில் பெயர் இருக்கும்வரை

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒருவர் 2007-இல் தன் காரை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்க, வண்டி கை மாறிக்கொண்டே போனது. ஆர்.சி.யில் மட்டும் யாரும் பெயர் மாற்றவில்லை. 2009-இல் அந்தக் கார் ரிவர்ஸில் வரும்போது மோதி ஒரு உயிர் போனது. பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 எல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், வண்டி என் கையில் இல்லை என்று முதலில் விற்றவர் சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி, யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று முடித்துவிட்டது.

இந்தத் தீர்ப்பை வண்டி விற்கிற ஒவ்வொருவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் நம் ஊரில் நடைமுறையே வேறு. தேதி போடாமல், வாங்குபவர் பெயர் எழுதாமல், வெறும் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "நாங்க பாத்துக்குறோம் சார்" என்ற வார்த்தையை நம்பி வந்துவிடுகிறோம். புரோக்கருக்கு அது வசதி. அடுத்த பார்ட்டி கிடைக்கும்வரை உங்கள் பெயரிலேயே வண்டி ஓடும், இடையில் இன்னொரு பெயர் ஆர்.சி.யில் ஏறாது. அதற்குள் வருகிற செல்லான், விபத்து, அந்த வண்டியில் யாராவது செய்கிற குற்றம், எல்லாவற்றுக்கும் முதல் விசாரணை உங்களிடம்தான்.

சட்டம் விற்பவருக்கும் ஒரு கடமை வைத்திருக்கிறது. மாநிலத்துக்குள்ளேயே விற்றால் 14 நாளுக்குள் நீங்களே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். ஃபாரம் 29 அதற்காகத்தான் இருக்கிறது. வாங்குபவர் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க 30 நாள். அவர் வருகிறாரோ இல்லையோ, நீங்கள் உங்கள் பங்கைச் செய்து அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல வழி, வாங்குபவரோடு சேர்ந்தே பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுவது. அதற்கு இசையாத பார்ட்டி எவ்வளவு அதிகம் கொடுத்தாலும் வேண்டாம் என்பது என் கருத்து.

பணம் வந்ததும் வண்டியைக் கொடுக்கும்போது டெலிவரி நோட் ஒன்று போடுங்கள். வண்டி எண், எஞ்சின் எண், சேஸிஸ் எண், மீட்டரில் உள்ள கிலோமீட்டர், தொகை, இருவர் கையெழுத்து, அடையாள அட்டை நகல். தேதி மட்டும் போதாது, நேரத்தையும் எழுத வேண்டும்: "இன்று மாலை 5.40 மணி முதல் இவர் வசம்." அன்று இரவு ஏழு மணிக்கு சிக்னல் கேமராவில் விழும் செல்லான் யாருடையது என்பதை அந்த ஒரு வரி சொல்லும். ஆனால் டெலிவரி நோட் பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது. போலீஸிடம் விளக்க உதவும், இழப்பீட்டு வழக்கில் காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது.

ஷோரூமில் விட்டால் இந்தக் கவலையே இல்லை என்று நினைப்பது இன்னொரு தவறு. ஷோரூம் எடுக்கிற வண்டிகளும் பெரும்பாலும் கன்சல்டிங்காரர்கள் கைக்குத்தான் போகின்றன. இந்தச் சிக்கலுக்காகவே 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு புதிய விதி கொண்டுவந்தது. பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெறலாம். அப்படி அங்கீகாரம் பெற்றவரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது, ஃபாரம் 29சி மூலம் மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகன் இணையதளத்தில் தெரிவித்துவிட்டால், அன்றிலிருந்து அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: "உங்களுக்கு அங்கீகாரச் சான்று இருக்கிறதா, 29சி போடுவீர்களா?" இல்லை என்றால், பெயர் மாறும்வரை கொஞ்சம் பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு எக்ஸ்சேஞ்சில் உங்களுக்குக் கிடையாது என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள். எத்தனை நாளில் மாற்றுவார்கள், அதுவரை பொறுப்பு யாருடையது என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். அப்புறம் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயர் முழுதாகத் தெரியாவிட்டாலும், மாறிவிட்டதா என்று கண்டுபிடிக்க அந்தச் சில எழுத்துகளே போதும்.

டியூ, இன்சூரன்ஸ், பணம்

கடனில் உள்ள வண்டியை நேரடியாக விற்க நினைப்பவர்கள், கடைசித் தவணை கட்டியதோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) ஃபாரம் 35-உம் வாங்கி, ஆர்.சி.யில் இருந்து ஹைபோதிகேஷனை, அதாவது வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற பதிவை, நீக்கினால்தான் பெயர் மாறும். டியூ இன்னும் பாக்கி இருந்தால் டைரக்ட் பார்ட்டி பயப்படுவார், அதுவும் நியாயம். இந்த நிலையில் ஷோரூமே கடனை அடைத்து மீதியைக் கழித்துக்கொள்வது சுலபம். எக்ஸ்சேஞ்ச் உண்மையிலேயே பிரயோஜனப்படுகிற இடம் இது.

இன்சூரன்ஸில் பலர் தாமாகவே பணத்தை விட்டுவிடுகிறார்கள். கிளெய்ம் எடுக்காததற்காக பிரீமியத்தில் கிடைக்கும் கழிவான நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, காருடையது இல்லை. கிளெய்ம் எடுக்காமல் ஐந்து வருடம் ஓட்டியிருந்தால் அது 50 சதவீதம் வரை வந்திருக்கும். வண்டியை விற்றதற்கான ஆதாரத்தைக் கொடுத்து இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கினால், மூன்று வருடத்துக்குள் வாங்கும் புதிய காரில் சேர்த்துக்கொள்ளலாம். புதிய காரின் ஓன் டேமேஜ் பிரீமியம் (சொந்த வண்டியின் சேதத்துக்கானது) 25,000 என்றால் 12,500 மிச்சம். மூன்றாம் நபர் பிரீமியத்தில் கழிவு கிடையாது. ஷோரூமில் புதிய காருக்கு பாலிசி போடும் முன்பே இந்தக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

பணம் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. வண்டியைப் பார்க்காமலே போனில் விலை பேசி, அட்வான்ஸ் அனுப்புகிறேன் என்று கியூ.ஆர். கோடு அனுப்புகிறவரிடம் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் போட வேண்டிய அவசியம் ஒருபோதும் இல்லை. முழுத் தொகையும் உங்கள் கணக்கில் ஏறியதை உங்கள் வங்கிச் செயலியில் நீங்களே பார்த்த பிறகுதான் சாவி. அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் கணக்கில் வராது. ஒரே வியாபாரத்தில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழும், அதுவும் வாங்கியவருக்கு. டெஸ்ட் டிரைவ் கேட்டால் லைசென்ஸைப் பார்த்துவிட்டு நீங்களும் உடன் போங்கள்.

எப்போது விற்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஆடியில் டைரக்ட் பார்ட்டியைத் தேடினால் போன் அடிக்காது. நல்ல காரியம் ஆடி முடிந்து பார்க்கலாம் என்பார்கள், மார்கழியும் அப்படித்தான். அதே ஆடியில் ஷோரூம்கள் ஆஃபர் போட்டு இழுக்கும், அவசரத்தில் எக்ஸ்சேஞ்சில் விடத் தோன்றும். ஆயுத பூஜைக்கு முன்னால் ஒரு மாதம் வைத்து நேரடியாக விற்கப் பாருங்கள். அது முடியாவிட்டால் மட்டும் ஷோரூம் விலைக்கு இறங்குங்கள். அவகாசமே இல்லாதவர்கள், கடன் பாக்கி உள்ளவர்கள், முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்கு வந்து வண்டி பார்ப்பதை விரும்பாதவர்கள் முப்பது நாற்பதாயிரம் குறைந்தாலும் எக்ஸ்சேஞ்சில் விடுவதில் தவறே இல்லை. அந்தத் தொகைக்கு 29சி கட்டாயம் வேண்டும் என்று மட்டும் உறுதியாக நில்லுங்கள்.

வண்டியைக் கொடுக்கும் அன்று ஃபாஸ்டேக்கைக் கழற்றி கணக்கை மூடிவிடுங்கள்; இல்லாவிட்டால் அவர் போகும் டோலுக்கெல்லாம் உங்கள் பணம் போகும். டேஷ்கேமின் மெமரி கார்டை எடுத்துவிட்டு, மியூசிக் சிஸ்டத்தில் சேர்ந்திருக்கும் போன் எண்களையும் வீட்டு முகவரியையும் அழித்துவிடுங்கள்.