கொத்துக்கறிக்கு வான்கோழியா, மாட்டுக்கறியா? செட்டிநாட்டிலிருந்து அமெரிக்கா கிளம்புகிறவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கமிருந்து அமெரிக்காவுக்குப் போகிற பிள்ளைகளின் பெட்டியில் கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் வீட்டிலேயே கட்டிக் கொடுத்துவிடுவார்கள். கறியைத்தான் அங்கே போய்த் தேட வேண்டும். ஆட்டுக்கறிக்கு இந்தியக் கடைக்கோ ஹலால் கடைக்கோ போகணும், விலையும் கூடுதல். பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் கொத்துக்கறியாகக் கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டுதான்: கிரவுண்ட் பீஃப், கிரவுண்ட் டர்க்கி.

மாட்டுக்கறி சேர்க்காத வீட்டுப் பிள்ளைகளுக்குக் குழப்பமே இல்லை, வான்கோழிதான். ஆனால் அவர்களும் இதைப் படிக்க வேண்டும். வான்கோழி என்றாலே கொழுப்பு குறைவு என்று நினைத்து, கையில் கிடைத்த பொட்டலத்தை எடுத்து வருகிறவர்கள் நிறையப் பேர்.

பொட்டலத்தின் முகப்பில் 80/20, 85/15, 93/7 என்று போட்டிருக்கும். இரண்டாவது எண்தான் கொழுப்பு, எடையில் நூற்றுக்கு இத்தனை என்று கணக்கு. பறவையா மாடா என்பதைவிட இந்த எண்தான் முக்கியம். 85/15 வான்கோழியில் 100 கிராம் பச்சைக்கறிக்குச் சுமார் 180 கலோரி, 12 கிராமுக்கு மேல் கொழுப்பு. 93/7 மாட்டுக்கறியில் சுமார் 150 கலோரி, 7 கிராம் கொழுப்பு. வான்கோழியைத் தோலோடும் கால்சதையோடும் சேர்த்து அரைத்தால் கொழுப்பு ஏறத்தான் செய்யும். இரண்டிலும் 93/7 எடுத்தால் கலோரி கிட்டத்தட்ட ஒன்றே. புரதம் மாட்டுக்கறியில் 21 கிராம், வான்கோழியில் 19 கிராம்.

அப்படியானால் வான்கோழிக்குக் கொழுப்பு குறைவு என்ற பெயர் வந்தது எப்படி? விலை மலிவு என்று பலரும் வாங்குவது 80/20 மாட்டுக்கறியை. அதில் 100 கிராமுக்கு 254 கலோரி, 20 கிராம் கொழுப்பு; கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு (saturated fat) மட்டுமே ஏழரை கிராம். 93/7 வான்கோழியில் அது இரண்டு கிராமுக்குச் சற்று மேல். கொலஸ்ட்ராலைக் குறைக்க வேண்டியவர்கள் ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிட்டால் நிறைவுற்ற கொழுப்பு 13 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க இதய சங்கம். தெற்காசியர்களுக்கு இதயநோய் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது. வீட்டில் அப்பாவுக்கோ ஐயாவுக்கோ நெஞ்சுவலி வந்திருந்தால் 80/20 பொட்டலத்தைத் தொடாதீர்கள். இதை நான் அழுத்தியே சொல்வேன்.

மாட்டுக்கறி தெளிவாக முந்துவது இரும்புச்சத்தில். 100 கிராமில் சுமார் 2 மில்லிகிராம் இருக்கும். வான்கோழியில் ஒன்றேகால் தேறும். துத்தநாகமும் பி12 வைட்டமினும் மாட்டுக்கறியில்தான் கூடுதல். நம் பெண்பிள்ளைகளில் பலர் ரத்தசோகையோடுதான் விமானம் ஏறுகிறார்கள். 19 முதல் 50 வயதுப் பெண்களுக்கு நாளைக்கு 18 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. வான்கோழி மட்டும் சாப்பிடுகிறவர்கள் பருப்பு, கொண்டைக்கடலை, கீரையை விடக்கூடாது. எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், அது இரும்பை உடம்பில் சேரவிடாது.

அதற்காகத் தினமும் மாட்டுக்கறி என்று போகவும் கூடாது. மாட்டுக்கறி போன்ற சிவப்புக்கறி புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் வகைப்படுத்தியது. சமைத்த சிவப்புக்கறி வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் என்று வைத்துக்கொள்வது நல்லது. நம் ஆட்டுக்கறியும் சிவப்புக்கறிதான், அதற்கும் இதே அளவு.

சரி, சமையலுக்கு வருவோம். 99 என்று போட்ட வான்கோழி நெஞ்சுக்கறியில் கொழுப்பு 2 கிராம்தான், ஆனால் சுக்கா போட்டால் வறண்டுபோகும். 93/7 நமக்குத் தோதானது. சின்ன வெங்காயத்தையும் தக்காளியையும் தாராளமாகப் போட்டு, மூடி வைத்து வேகவிடுங்கள். வான்கோழிக்கு வாசம் குறைவு. சோம்பு, மிளகு, கல்பாசி கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். கொழுப்புள்ள மாட்டுக்கறிதான் கையில் இருக்கிறதென்றால் முதலில் வெறுமனே வதக்கி, இறங்கிய கொழுப்பை வடித்துவிட்டு அப்புறம் மசாலா சேர்க்கவும். மசாலா போட்டபின் வடித்தால் ருசியும் சேர்ந்து போய்விடும். வடித்ததைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.

கோலா உருண்டைக்கு இரண்டு கறியும் சரிப்படும். நம் ஆச்சிமார் பலர் செய்வதுபோல் கறியை மசாலாவோடு வேகவைத்து, நீர் சுண்டியபின் பொட்டுக்கடலை மாவு சேர்த்து அரைத்து உருட்டுங்கள். உள்ளே பச்சையாக நிற்குமோ என்ற பயம் இருக்காது. எண்ணெயில் பொரித்தால் குறைந்த கொழுப்புக் கறி வாங்கியதன் பலன் போய்விடும். பணியாரச் சட்டியில் குழிக்கு அரை ஸ்பூன் எண்ணெய் விட்டுத் திருப்பிப் போட்டாலே மொறுமொறுவென்று வரும். அந்தச் சட்டிக்குப் பெட்டியில் இடம் ஒதுக்குங்கள்.

பச்சைக்கறியையே உருட்டிப் போடுகிறவர்கள் இறைச்சி வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உட்புறம் வான்கோழிக்கு 74 டிகிரி செல்சியஸ், மாட்டுக்கறிக்கு 71 எட்ட வேண்டும். அங்கே அடுப்பும் வெப்பமானியும் ஃபாரன்ஹீட்டில் காட்டும்: 165, 160. கொத்திய கறி ஃபிரிட்ஜில் ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும். மீதியை அன்றைக்கே சிறு பொட்டலங்களாகத் தட்டையாக்கி ஃப்ரீசரில் வையுங்கள். சமைப்பதற்கு முந்தின இரவு எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் காலையில் பதமாக இருக்கும்.