விடைத்தாள் திருத்திவிட்டு எழுத உட்காருவது எப்படி?

பள்ளி முடிந்து வந்து கதை எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட நகராது. இரண்டு வருடம் எனக்கு அப்படித்தான் போனது. நேரம் போதவில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் பல நாள் மாலை ஆறு முதல் ஒன்பது வரை வெற்றுத் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன், அதாவது நேரம் இருந்திருக்கிறது. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. வேலையில் புதிதாகச் சேர்ந்து, எழுதவும் ஆசைப்படும் ஆசிரியர்களுக்காக, அதைச் சரிசெய்த விதத்தை எழுதுகிறேன்.

படி 1: வகுப்புக்கு வெளியே உள்ள வேலையை எண்ணுங்கள்

வகுப்பு நேரம் கால அட்டவணையில் இருக்கிறது, அதை விடுங்கள். திருத்தும் வேலையை மட்டும் கணக்குப் போடுங்கள். 40 பேர் உள்ள 5 பிரிவுகள் என்றால் 200 நோட்டு. ஒன்றுக்கு 3 நிமிடம் என்றாலே 600 நிமிடம், பத்து மணி நேரம். வாரத்தில் ஐந்து மாலையும் இரண்டிரண்டு மணி நேரம் இதற்கே போய்விடும். பாடக்குறிப்பும் வினாத்தாளும் இன்னும் கணக்கில் வரவே இல்லை.

படி 2: திருத்துவதற்கு எல்லை போடுங்கள்

வாரத்துக்கு இரண்டு பிரிவுகளின் நோட்டுகளை முழுதாகத் திருத்துகிறேன். மற்ற மூன்று பிரிவுகளில் ஒரே ஒரு விடையை மட்டும் பார்க்கிறேன், ஆளுக்கு அரை நிமிடம். நான்கு மணி நேரமும் இன்னொரு மணி நேரமும், மொத்தம் ஐந்து. அடுத்த வாரம் பிரிவுகள் மாறும். பலரும் செய்திருக்கும் பிழையைக் குறித்துக்கொண்டு மறுநாள் கரும்பலகையில் பத்து நிமிடம் பேசிவிடுவேன். நோட்டு நிறைய சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்ததைவிட இதில்தான் பிள்ளைகள் அதிகம் திருந்துகிறார்கள் என்பது என் அனுபவம். மாணவர்களிடம் இந்த முறையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்லா நோட்டிலும் வாராவாரம் கையெழுத்து வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால் கையெழுத்துப் போடுங்கள், முழுத் திருத்தத்தைச் சுழற்சியில் வையுங்கள்.

படி 3: திருத்தியதும் எழுதாதீர்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திருத்தும்போது மனம் பிழையை மட்டுமே தேடும். அதே மனத்தோடு என் கதைக்கு வந்தால் என் முதல் வாக்கியத்தையே அது அடிக்க ஆரம்பித்துவிடும். எழுதுவேன், அடிப்பேன், மறுபடி எழுதுவேன். திறமை வற்றிவிட்டது என்று பயந்துபோன மாலைகள் அவை. உண்மையில் நான் இன்னும் திருத்திக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். முடியாத வேலை என்றால் இன்னும் கெட்டியாகத் தங்கும். நோட்டுக் கட்டு என்றைக்கு முடிந்திருக்கிறது?

இப்போது இரண்டு காரியம் செய்கிறேன். நிறுத்தும்போது ஒரு துண்டுச் சீட்டில் '17வது நோட்டு, மூன்றாம் கேள்வி, நாளை 4.30' என்று எழுதிக் கட்டின் மேல் வைத்துவிடுவேன். மிச்ச வேலைக்கு இப்படி ஒரு திட்டம் எழுதிவிட்டால் அது மனதை அரிப்பது குறைகிறது என்று மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2011இல் காட்டினார்கள். எனக்கு முதல் நாளே பலித்தது.

அப்புறம் அரை மணி நேரம் சொற்களே இல்லாத ஓய்வு. நாள் முழுக்கப் பேசி, கேட்டு, படித்த ஆளுக்குக் கைப்பேசி ஓய்வு தராது, அதிலும் சொற்கள்தானே வருகின்றன. நடக்கலாம், கண்மூடிப் படுக்கலாம், பாத்திரம் துலக்கலாம். ஓய்வு என்பது எழுதி முடித்தபின் கிடைக்கும் பரிசு என்று நினைத்திருந்தேன். அதை எழுத்துக்கு முன்னால் நகர்த்திய வாரத்தில்தான் பாதியில் கிடந்த கதை நகர்ந்தது.

படி 4: வாரம் மூன்று நாள், 25 நிமிடம்

டைமர் வைத்து 25 நிமிடம் ஒரே வேலையைச் செய்து, பிறகு சிறிது இடைவெளி விடுவது பிரான்செஸ்கோ சிரில்லோ உருவாக்கிய 'பொமொடோரோ' முறை. அதன் அளவு இது. களைத்த நாளிலும் முடிகிற அளவு. கோடு போடாத நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். திருத்தும் பேனாவைத் தொடவே வேண்டாம். கைப்பேசியில் பேசிப் பதிவுசெய்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், மாலையில் நம் தொண்டைக்கும் ஓய்வு வேண்டும். நேரம் பார்க்கத் தனியாக ஒரு டைமர் வாங்குங்கள். கைப்பேசி அலாரத்தை நிறுத்தப் போனால் வகுப்பு வாட்ஸ்அப் குழு கண்ணில் பட்டுவிடும்.

காலையில் எழுதுகிறவர்கள் படுக்கும் நேரத்தையும் முன்னதாக்குங்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். பதினொன்றுக்குப் படுத்து நான்குக்கு எழுந்து பார்த்தேன். மூன்றாம் வாரம், சாதாரணச் சந்தேகம் கேட்ட ஒரு மாணவியிடம் கத்திவிட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், அன்றோடு அந்தப் பழக்கத்தையும் விட்டேன்.

படி 5: முழு ஓய்வு நாளை முதலில் குறியுங்கள்

திருத்தலும் எழுத்தும் இல்லாத ஒரு நாள். அட்டவணையில் அதைக் குறித்தபின் மற்றதை நிரப்புங்கள். மிஞ்சினால் ஓய்வு என்று விட்டால் மிஞ்சாது.

ஒரு எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 'பர்ன்அவுட்'டை, அதாவது வேலை அழுத்தத்தால் முற்றிலும் களைத்துப்போவதை, நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த நிலை என்கிறது. சக்தி தீர்ந்துபோவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசப்பது, செய்யும் வேலையின் திறன் குறைவது ஆகிய மூன்றும் அடையாளம். தூக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் அட்டவணையைத் திருத்திக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

பின்சேர்க்கை: கைக்குழந்தை உள்ள ஓர் ஆசிரியை, வீட்டில் அரை மணி நேர அமைதிக்கு வழியே இல்லை என்று எழுதியிருந்தார். சரியான கேள்வி, நான் யோசிக்காதது. கடைசி மணி அடித்ததும் காலி வகுப்பறையில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பச் சொன்னேன். போதுமாக இருக்கிறதாம். தேர்வு மாதத்தில் என்ன செய்வது என்று இன்னும் இருவர் கேட்டார்கள். அப்போது நான் கதையைத் தொடுவதில்லை. துண்டுச் சீட்டின் பின்பக்கம் அன்றைக்குக் கண்ணில் பட்ட ஏதாவது ஒன்றை மூன்று வரி எழுதி, சீட்டை நோட்டுக்குள் செருகிவைக்கிறேன்.