சென்ட்ரலிலிருந்து மாமல்லபுரம்: ரயிலும் பேருந்தும் கோத்து வழி போடுவது எப்படி?

கோவையிலிருந்து வந்து சென்னை சென்ட்ரலில் இறங்குகிறீர்கள். மாமல்லபுரம் போக வேண்டும். டாக்சிக்குக் கொடுக்க மனசில்லை. செங்கல்பட்டு வரை மின்சார ரயில், அங்கிருந்து மாமல்லபுரத்துக்குப் பேருந்து என்று போகலாம். சரி, கூகுள் மேப்ஸில் வழி போட்டுப் பார்ப்போம்.

முதலில் கணினியில் மேப்ஸைத் திறந்து, புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் கொடுங்கள். மேலே வரிசையாக உள்ள படங்களில் ரயில் படத்தை அழுத்துங்கள். கார் படத்தையே பார்த்துவிட்டு, "இவ்வளவு சீக்கிரம் போயிடலாமா!" என்று சந்தோஷப்படுபவர்கள் நிறையப் பேர்.

அடுத்து நேரம். 'லீவ் நவ்' என்பதை 'டிபார்ட் அட்' என்று மாற்றி, உங்கள் ரயில் வந்து சேரும் நேரத்தோடு அரை மணி கூட்டிப் போடுங்கள். பயணத் தேதியையும் மறக்காமல் மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில்கள் குறைவு.

இப்போது சில வழிகள் வரும். மொத்த நேரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொன்றையும் விரித்து, எங்கே வண்டி மாறுகிறீர்கள் என்று பாருங்கள். சென்ட்ரலையே எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு மின்சார ரயில் அங்கே வராது. சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள பூங்கா ரயில் நிலையத்தில்தான் நிற்கும். பக்கத்திலேயே இருக்கும் மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்புபவை அரக்கோணம், கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகிறவை. முதல் தடவை நான் அங்கே போய் நின்று, தாம்பரம் வண்டிக்காகக் காத்திருந்தவன். வரைபடத்தில் புள்ளிக் கோடாக வருவது நடை. சுரங்கப்பாதைப் படிகளில் பெட்டியைத் தூக்கி இறங்கி ஏறுவதற்கும் டிக்கெட் வரிசைக்கும் சேர்த்து, அது சொல்லும் நிமிடங்களை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு சிக்கல். பொதுப் போக்குவரத்தில் தேடும்போது நடுவில் இன்னொரு ஊரைச் சேர்க்க மேப்ஸ் விடாது. அதனால் சென்ட்ரல்–செங்கல்பட்டு, செங்கல்பட்டு–மாமல்லபுரம் என்று இரண்டு தனித் தேடலாகப் போடுங்கள். இரண்டாவது, திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். அதற்குப் பேருந்தே காட்டவில்லை என்றால் பேருந்தே இல்லை என்று அர்த்தமில்லை. அட்டவணை இணையத்துக்கு வந்து சேர்ந்த வண்டிகளைத்தான் அது காட்டும். செங்கல்பட்டில் இறங்கி நடத்துநரையோ டீக்கடையிலோ கேட்டால் நொடியில் பதில் கிடைக்கும்.

அன்றே திரும்புவதாக இருந்தால், செங்கல்பட்டு–சென்ட்ரல் என்று மாற்றிப் போட்டு, நேரத்தில் 'லாஸ்ட் அவைலபிள்' தேர்ந்தெடுங்கள். கடைசி ரயில் எது என்று தெரியும். அதற்கு முந்தைய ரயிலைக் குறித்துக்கொள்ளுங்கள்.