எந்த வேக்ஸ் நல்லது? பானெட்டிலேயே பார்த்துவிடலாம்

காருக்குப் பூசும் இரண்டு சிந்தெடிக் (செயற்கை) வேக்ஸில் எது நல்லது என்று தெரிய வேண்டுமா, காரைக் கழுவித் துடைத்துவிட்டு பானெட்டின் நடுவே மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இன்னொன்று பூசி, டேப்பை உரித்ததும் போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நிழலில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அங்கே எல்லா வேக்ஸும் பளபளக்கும்.

சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகத் தெரிவது பெயிண்டின் மேலுள்ள கிளியர் கோட்டில் விழுந்த மெல்லிய கீறல்கள்தான். ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் அவற்றின் ஓரங்களில் பட்டுச் சிதறுவதால் டார்ச்சிலும் நேர் வெயிலிலும் அப்பட்டமாகத் தெரிகிறது. நிரப்பும் பொருள் கலந்த வேக்ஸ் அந்தப் பள்ளங்களை அடைத்து மறைக்கும், ஆனால் கீறல் அங்கேயேதான் இருக்கும். நிரப்பும் பொருள் கலக்காத பாலிமர் சீலன்ட், அதாவது பெயிண்டின் மேல் பாதுகாப்புப் படலமாகப் படியும் சிந்தெடிக் வகை, பளபளப்பும் பாதுகாப்பும் தரும், மறைப்பது குறைவு. அதனால் இரண்டு மூன்று தடவை கழுவிய பிறகு மறுபடி டார்ச் அடித்துப் பாருங்கள், எது தாக்குப்பிடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். என்னைக் கேட்டால் முதல் நாள் பளபளப்பைவிட இந்த இரண்டாவது பார்வைதான் முக்கியம்.

வெள்ளை, சில்வர் வண்டிகளில் கீறல் அவ்வளவாகக் கண்ணில் படாது, அங்கே இந்தச் சோதனையால் பெரிய வித்தியாசம் தெரியாது. நகத்தால் வருடினால் தட்டுப்படும் ஆழமான கீறலை எந்த வேக்ஸும் மறைக்காது. பளபளப்பில்லாத மேட் பெயிண்டில் பளபளப்பு வேக்ஸைப் பூசவே வேண்டாம், திட்டுத் திட்டாக மினுங்கும்.