ஓம் சரி, வோல்ட் சரியா?

ஐப்பசியில் இடி மின்னல் தொடங்கினால் மட்டக்களப்பின் கல்லடிப் பக்கம் திருத்தும் மேசைக்குச் சார்ஜரும் எல்.ஈ.டி. பல்பும் வரிசையாக வரும். திறந்து பார்த்தால் பல தடவை எள்ளளவு சிப் ரெசிஸ்டர் ஒன்று போயிருக்கும். பள்ளிப் புத்தகம் தடையி என்பது இதைத்தான். ஓம் பொருந்தினால் போதும் என்று கையில் கிடைத்ததை ஒட்டுவதுதான் பழகுகிற பிள்ளைகள் விடும் பெரிய பிழை.

இந்தச் சிப்பில் வேலை செய்வது மெல்லிய படலம் ஒன்று. அலுமினாப் பீங்கான் துண்டில் ருதேனியம் ஒட்சைட்டுப் பசையை அச்சடித்து, சுமார் 850 பாகை செல்சியசில் சுட்டு, லேசரால் கீறி ஓம் அளவைச் சரிசெய்கிறார்கள். தடிப்புப் படலம் என்று பெயர், ஆனால் தடிப்பு சுமார் 10 மைக்ரோமீற்றர்தான். அதற்குத் தாங்கும் வோல்ட் எல்லை தனியாக உண்டு.

நம் வீட்டு 230 வோல்ட் கரண்டைச் சீராக்கினால், அதாவது ஒரே திசையில் ஓடவைத்தால், உச்சம் 325 வோல்ட் வரை போகும். சார்ஜரைத் தொடக்கிவைக்கும் இடத்தில் 1206 அளவில் (சுமார் 3.2க்கு 1.6 மில்லிமீற்றர்) இரண்டு 510 கிலோ ஓம் சிப் தொடராக இருக்கிறது என்று வைப்போம். அதை எடுத்துவிட்டு 1 மெகா ஓம் ஒன்றைப் போடுகிறார்கள். கணக்குப் பார்த்தால் 0.1 வாற்றுத்தான், 1206 தாங்குவதோ 0.25 வாற்று. சரிதானே என்று தோன்றும். ஆனால் 1206இன் வோல்ட் எல்லை பொதுவாக 200. இரண்டு இருந்தபோது ஆளுக்கு 163 வோல்ட் பகிர்ந்தன. இப்போது ஒன்றே முழுவதையும் சுமக்கிறது. உடனே போகாது. ஓம் மெல்ல மாறி, ஒருநாள் சார்ஜர் செத்துவிடும். இரண்டு இருந்த இடத்தில் இரண்டையே போடுங்கள். அந்த 0.25 வாற்றும் 70 பாகைச் சூடு வரைக்கும்தான். மூடிய பல்புக்குள் சூடு அதைத் தாண்டலாம்.

சிப்பின் மேல் உள்ள எண்ணை வாசிப்பதிலும் தடுமாற்றம் உண்டு. கடைசி இலக்கம் எத்தனை பூச்சியம் என்று சொல்வது. 100 என்று இருந்தால் 10 ஓம். 100 ஓமுக்கு 101. எழுத்தோடு வரும் குறி வேறு முறை: 01C இல் 01 என்பது 100, C என்பது நூறு மடங்கு, ஆகவே 10 கிலோ ஓம்.

போர்டில் வைத்தே அளக்கும்போது கரண்டைக் கழற்றி, மின்னைச் சேமித்துவைக்கும் கபாசிற்றரை வெறுமையாக்குங்கள். குறைவாகக் காட்டினால் பக்கத்துப் பாதை காரணமாக இருக்கலாம், ஒரு முனையைக் கழற்றித்தான் சொல்லமுடியும். குறித்ததைவிட நன்றாகக் கூடக் காட்டினால் சிப் பழுதுதான்.

கழற்றும்போது ஒரு முனையை மட்டும் சூடாக்கி நெம்பாதீர்கள், பீங்கான் வெடிக்கும். கரண்ட் நுழையும் வாயிலில் பியூஸ் போல எரியவென்றே வைத்த ரெசிஸ்டர் இருந்தால், அங்கே சாதாரணச் சிப் போடவே கூடாது. அது தீயைத் தடுக்க வைத்தது.

அப்புறம், ஒட்டியபின், ஈயம் நன்றாகப் பிடிக்கப் பூசும் பிளக்ஸின் கறையை ஐசோபுரோபைல் அல்ககோலால் துடையுங்கள். வாவியும் கடலும் சூழ்ந்த ஊர் இது. ஈரமும் உப்பும் அந்தக் கறையில் ஏறினால், மெகா ஓம் சிப்பின் மேலாகவே கரண்ட் கசியும்.